குருத்தோலையும் காவோலையும்: தீவகத்திற் குருத்தோலை ஞாயிறு – ஒரு வரலாற்று நோக்கு

சமய விழாக்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியின் நினைவாகத் தோன்றுவன. எனினும் அவை தலைமுறைகளைக் கடந்து வாழ்வதற்கு நினைவு மாத்திரம் போதுமானதன்று. கையில் எடுத்துப் பிடிக்கக்கூடிய ஒரு பொருளும் வேண்டியிருக்கின்றது. தைப்பொங்கலுக்குப் பானையும் திருக்கார்த்திகைக்கு விளக்கும் எவ்வாறு அமைந்தனவோ, அவ்வாறே கிறிஸ்தவரின் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை அமைந்துள்ளது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் வரும் இந்நாள், இயேசு தமது பாடுகளுக்கு முன்னர் எருசலேம் நகருக்குள் நுழைந்தமையையும், மக்கள் அவரை ஓலை ஏந்தி எதிர்கொண்டமையையும் நினைவுகூர்வது. பங்குனித் திங்களின் தொடக்கத்துக்கும் சித்திரையின் முதல் நாள்களுக்கும் இடையில் இது ஆண்டுதோறும் இடம்மாறி வரும்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைத் தீவின் கரையோரத்தே அமைந்த ஊர் சாட்டி. மணற்பாங்கான கடற்கரையும் பனங்கூடலும் அதன் அடையாளங்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் மாதா, சிந்தாத்திரை மாதா என அழைக்கப்படுகின்றார். சிந்து என்னுங் கடலும் யாத்திரை என்னும் பயணமும் இணைந்து நிற்கும் இப்பெயர், கடற்பயணத்தைக் காக்கும் அன்னை எனப் பொருள்படும். ஒரு புறம் கடல், மறுபுறம் பனை. இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்ந்த மக்களுக்கு ஓலை வழிபாட்டுப் பொருளாவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வாழ்க்கைப் பொருளாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு குறித்து இருவகைக் கருத்துகள் பரவலாகக் காணப்படுகின்றன. மேனாட்டிலிருந்து வந்த விழாவொன்றில் பேரீச்சைக்குப் பதிலாக நம் நாட்டு ஓலை இடம்பெற்றது, அவ்வளவே என்பது ஒன்று. பெரிய வாரத்தின் துயரத்துக்கு முன்னர் சிறுவர் மகிழ்ந்து கொண்டாடும் ஒரு நாள் என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் முழுமையானவை என ஏற்றுக்கொள்ளத்தக்கனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் ஓசன்னாவும்

எருசலேம் நுழைவை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன. ஆயின் ஓலையைப் பற்றிய செய்தியில் அவை ஒத்திருக்கவில்லை. மத்தேயு மரங்களின் கிளைகளைக் குறிப்பிடுகின்றார். மாற்கு வயல்வெளிகளில் வெட்டப்பட்ட தழைகளைக் கூறுகின்றார். லூக்கா வழியில் விரிக்கப்பட்ட மேலாடைகளை மாத்திரமே சொல்லிச் செல்கின்றார். பேரீச்சை ஓலையைப் பெயர் சுட்டிக் கூறுபவர் யோவான் ஒருவரே. ஒரு நூலில் இடம்பெற்ற ஒரு செய்தியே ஒரு திருநாளுக்குப் பெயர் கொடுத்துள்ளது என்பது நோக்கத்தக்கது.

யோவான் அதனை ஏன் குறிப்பிட்டார் என்பதை விளங்கிக்கொள்ள யூதரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். கி.மு. 141 இல் மக்கபேயரான சீமோன், அந்நியப் படையின் கையிலிருந்த எருசலேம் கோட்டையைக் கைப்பற்றி உள்ளே நுழைந்தபோது, மக்கள் ஓலைகளை ஏந்தியும் இசைக்கருவிகளை முழக்கியும் அவ்வெற்றியைக் கொண்டாடினர். கிரேக்கரும் உரோமரும் போட்டியில் வென்றோருக்கும் போரில் வென்றோருக்கும் பேரீச்சை ஓலையை வழங்கினர். எனவே உரோமரின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஒரு நகரில், திருநாட் கூட்டத்தின் நடுவே, ஒருவரை ஓலை ஏந்தி எதிர்கொள்ளுதல் வெறும் உபசாரமாகக் கருதப்பட்டிருக்க முடியாது. விடுதலை தரும் அரசன் வருகின்றான் என்ற எதிர்பார்ப்பின் வெளிப்பாடாகவே அது அமைந்தது.

கி.பி. 70 இல் உரோமர் எருசலேமை அழித்தனர். அதன்பின் அவர்கள் வெளியிட்ட நாணயங்களிற் பேரீச்சை மரமொன்றும், அதன் அடியில் அமர்ந்து அழும் பெண்ணொருத்தியும் பொறிக்கப்பட்டனர். அப்பெண் தோல்வியுற்ற யூதேயா. வெற்றியின் சின்னமாக ஏந்தப்பட்ட ஓலையைத் தந்த மரம், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் தோல்வியின் சின்னமாயிற்று. கி.பி. 132 முதல் 135 வரை மீண்டும் கிளர்ந்தெழுந்த யூதர் தம் நாணயங்களில் அதே மரத்தைப் பொறித்தனர். சின்னம் ஒன்றே, அதனைக் கையிற் கொண்டவருக்கேற்ப அதன் பொருள் மாறியது.

ஓலைக்கு வழிபாட்டுப் பொருளும் உண்டு. யூதரின் கூடாரத் திருநாளில் வேறு மூன்று தாவரங்களோடு பேரீச்சை ஓலையையும் ஏந்தி அசைப்பது வழக்கம். அதற்குரிய ஓலை விரிந்த ஓலையன்று. மடல் பிரியாது மூடிய நிலையிலுள்ள இளம் ஓலையாகவே அது இருத்தல் வேண்டும். தமிழிற் கூறுவதாயின் அது குருத்தோலையே. அதனை அசைக்கும்போது பாடப்படும் திருப்பாடலிலேதான் ஓசன்னா என்னும் சொல்லின் மூலம் உள்ளது. இன்று அச்சொல் வாழ்த்தொலியாகவே கருதப்படுகின்றது. ஆயினும் எபிரேய மொழியில் அதன் பொருள் "எங்களைக் காப்பாற்றும்" என்பதாகும். வாழ்த்தென நாம் கேட்பது உண்மையில் ஒரு வேண்டுதல். இவ்வுண்மையை மனத்திருத்தினால் இத்திருநாளை மகிழ்ச்சி நாளென்று மாத்திரம் கூறுதல் பொருந்தாதென்பது புலனாகும்.

எருசலேமிலிருந்து உரோமைக்கு

இத்திருநாளின் பவனியைப் பற்றிய தெளிவான பழஞ்செய்தி நான்காம் நூற்றாண்டின் இறுதியிற் கிடைக்கின்றது. மேற்குலகிலிருந்து திருநாட்டுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, ஏறத்தாழ கி.பி. 381 க்கும் 384 க்கும் இடையில், தாம் எருசலேமிற் கண்டவற்றை எழுதிவைத்தார். மக்கள் ஒலிவ மலையில் ஒன்றுகூடி, மாலையில் ஆயரைச் சூழ்ந்து, பேரீச்சை ஓலைகளையும் ஒலிவக் கிளைகளையும் ஏந்திக் கால்நடையாக நகருக்குள் இறங்கி வந்தனர். நடக்க இயலாத குழந்தைகளைப் பெற்றோர் தோளிற் சுமந்து வந்தனர். அக்குழந்தைகளின் கைகளிலும் ஓலை இருந்தது.

உரோமையின் மரபோ வேறு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கு இதே ஞாயிறு ஆண்டவரின் பாடுகளை வாசித்துத் தியானிக்கும் நாளாகவே விளங்கியது. ஓலை மந்திரிப்பும் பவனியும் பிற்பட்ட நூற்றாண்டுகளிலேயே மேற்குத் திருச்சபைகளின் வழியாக உரோமை வழிபாட்டிற் சேர்ந்தன. ஆகவே இன்றைய திருநாள் இரு நீரோடைகளின் கலப்பாகும். எருசலேம் அதற்கு வரவேற்பின் மகிழ்ச்சியைக் கொடுத்தது. உரோமை பாடுகளின் துயரத்தைக் கொடுத்தது. பவனி முடிந்து கோயிலுக்குள் வந்த மக்கள் கையில் ஓலையோடு நின்றவாறே சிலுவை மரணத்தின் வரலாற்றைக் கேட்கின்றனர். வேறெந்தத் திருநாளிலும் இத்துணை விரைவில் மகிழ்ச்சி துயரமாக மாறுவதில்லை.

முற்காலச் சடங்கில் இம்மாற்றத்தை உணர்த்தும் ஒரு செயல் இருந்தது. பவனி கோயிலை அடையும்போது கதவு மூடப்பட்டிருக்கும். உள்ளே சிலரும் வெளியே சிலருமாக நின்று மாறிமாறிப் பாடுவர். பின்னர் பவனிச் சிலுவையின் அடிப்பகுதியினாற் கதவைத் தட்ட, அது திறக்கப்படும். சிலுவையினாலேயே வாயில் திறக்கின்றது என்பது அதன் கருத்து. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955 இல் அறிவித்த பெரிய வாரச் சீர்திருத்தத்தோடு இச்செயல் கைவிடப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் 1970 இல் வெளிவந்த பூசைநூல், இந்நாளை ஆண்டவருடைய பாடுகளின் குருத்தோலை ஞாயிறு என அழைத்து இரு மரபுகளையும் பெயரிலேயே இணைத்தது. குருவானவர் அணியும் உடையின் நிறம் சிவப்பாயிற்று. சிவப்பு அரசனுக்கும் உரியது, குருதிக்கும் உரியது.

பெயர் உணர்த்தும் செய்தி

திருநாள் சென்ற நாடுகளிலெல்லாம் அதன் தாவரம் மாறியது. பேரீச்சை வளராத வட ஐரோப்பாவிலும் இரஷ்யாவிலும் வில்லோ மரத்தின் இளந்தளிர்க் கிளைகள் ஏந்தப்பட்டன. இத்தாலியில் ஒலிவம் வழங்கிற்று. பிரான்சில் 'புயி' எனப்படும் பசுஞ்செடியின் கிளை வழங்கிற்று. போர்த்துக்கேயர் இந்நாளைக் 'கிளைகளின் ஞாயிறு' என்ற பொருளிலேயே அழைக்கின்றனர். எந்தக் கிளை என்பதை அவர்களின் பெயர் கூறவில்லை. ஆங்கிலப் பெயர் பனையினத்தைச் சுட்டுகின்றது. ஆயின் ஓலையின் பருவத்தைச் சுட்டவில்லை.

தமிழ்ப் பெயரோ ஓலையின் பருவத்தைச் சுட்டுகின்றது. மலையாளத்திலும் இந்நாளுக்குக் குருத்தோலைப் பெருநாள் என்ற பெயர் உண்டு. பனையும் தெங்கும் நிறைந்த நிலத்து மக்கள், ஓலை என்று பொதுவாகக் கூறுவதோடு அமையாது, அதன் இளம்பருவத்தைப் பெயராக்கினர். குருத்து என்பது மரத்தின் உச்சியில், எல்லா ஓலைகளுக்கும் நடுவில், கடைசியாகத் தோன்றுவது. அளவின்றிக் குருத்தை வெட்டினால் மரம் நலியும். எனவே குருத்தை வெட்டிக் கொடுத்தல் மரத்தின் உயிரில் ஒரு பகுதியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பனையை அறிந்த ஒருவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவம் இங்கு வருமுன்னரே தமிழர் குருத்தோலையால் தோரணம் கட்டினர். மங்கல நிகழ்வுக்குரிய தோரணம் ஒருவகை, மரணவீட்டுக்குரிய தோரணம் வேறொருவகை. ஓலை ஒன்றே, மடிக்கும் முறையே வேறு. மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் ஒரே குருத்தைப் பயன்படுத்தும் பழக்கமுடைய மக்களிடம், மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே அமைந்த இத்திருநாள் அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது. மேனாட்டு விழாவில் நம் நாட்டு ஓலை வெறும் மாற்றுப்பொருளாக இடம்பெற்றது என்ற கருத்து இதனால் வலிமை குன்றுகின்றது.

யானையும் குதிரையும் கழுதையும்

கத்தோலிக்கம் வடபகுதிக்கு வந்த வரலாறு அமைதியானதன்று. 1544 இல், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் பலர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560 இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1619 இற் பிலிப் தெ ஒலிவேரா தலைமையில் வந்த படை யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது. பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் குடாநாட்டிலும் தீவுகளிலும் கோயில்களை அமைத்தனர். குருத்தோலை ஞாயிறு உள்ளிட்ட பெரிய வாரச் சடங்குகள் அக்கோயில்களின் வழியாகவே இப்பகுதிக்கு வந்தன.

இக்காலத்தில் வேலணைத் தீவின் துறைமுகமாகிய ஊர்காவற்றுறை யானை ஏற்றுமதிக்குப் பேர்பெற்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் அங்கிருந்து கப்பலேற்றப்பட்டன. துறை என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயராயிற்று. நெடுந்தீவிலோ குதிரைகள் வளர்க்கப்பட்டன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் அங்கு பேணப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் வெளிகளிற் கட்டின்றித் திரிகின்றன. யானை அரசனின் ஊர்தி. குதிரை போர்வீரனின் ஊர்தி. தீவகம் இவ்விரண்டையும் தன் துறைகளிலும் வெளிகளிலும் கண்டது.

குருத்தோலை ஞாயிற்றின் அரசனோ கழுதையில் வருகின்றார். இறைவாக்கினர் செக்கரியா கூறியதன் நிறைவேற்றமாக நற்செய்தியாளர் இதனைக் காட்டுவர். அவ்வாக்கின் தொடர்ச்சியிலே, போர்க்குதிரைகள் எருசலேமிலிருந்து அகற்றப்படும், வில் முறிக்கப்படும், அரசன் நாடுகளுக்குச் சமாதானத்தை அறிவிப்பான் என்ற கருத்தும் உண்டு. தமிழ்ப் பேச்சிற் கழுதை இகழ்ச்சிக்குரியது. மன்னார் நகரின் தெருக்களில் இன்றும் அலைந்து திரியும் கழுதைகளைக் கண்டோர் அதனை அரச ஊர்தியாக எண்ணிப் பார்ப்பது கடினம். ஆயினும் இவ்விகழ்ச்சியே இந்நாளின் பொருளைத் தெளிவாக்குகின்றது. யானை ஏறும் துறைக்கும் குதிரை வளரும் தீவுக்கும் உரிமை கொண்டாடிக் கப்பல்களில் வந்த ஆட்சியாளர், வரவேற்பைப் படைவலியாற் பெற்றனர். அவர்களே கொண்டுவந்த திருநாள், படைவலி இல்லாத ஒருவருக்கே குருத்தோலை உரியது எனக் கற்பித்தது. இம்முரண்பாட்டை அவர்கள் உணர்ந்தனரோ இல்லையோ, விழாவின் வடிவம் அதனைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

பவனி இல்லாத காலம்

1658 இல் ஒல்லாந்தர் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றினர். வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாகிப் பள்ளிக்கூடங்களாகவும் பயன்பட்டன. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குத் தஞ்சமளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. சுருவங்களும் பவனிகளும் ஓலை மந்திரிப்பும் சீர்திருத்தச் சபையினருக்கு ஏற்புடையன அல்ல.

பூசையை வீட்டுக்குள் மறைவாக ஒப்புக்கொடுக்கலாம். செபத்தை நள்ளிரவிற் சொல்லலாம். பவனியோ வெளியில் நடக்க வேண்டியது. மறைந்து வாழ்ந்த ஒரு திருச்சபை முதலில் இழந்தது தெருவையே. பாலகன் பிறந்த இரவை மறைவிற் கொண்டாடுவதே எத்துணை இடர் மிக்கதென்பதை 1689 ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டும். 1687 இற் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார், சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரகசியமாகப் பணிபுரிந்தார். 1689 நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தரின் படையினர் சுற்றிவளைத்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறைபிடிக்கப்பட்டனர், சிலர் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். இரவில், கதவுக்குள், விளக்கைக் குறைத்து நடந்த வழிபாட்டுக்கே இந்நிலையாயின், பகலில் ஓலை ஏந்தித் தெருவில் நடப்பது எவ்வாறு இயலும்?

அடிகளாரும் அவரைப் பின்பற்றி வந்த ஒறற்றோரியன் சபைக் குருமாரும் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் ஆகியோரை நியமித்து, குரு இல்லாத காலத்திலும் செபமும் மறைக்கல்வியும் நடைபெற வழிசெய்தனர். 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். பாடுகளைத் தியானிப்பதற்குரிய அவரது வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் வாசிக்கப்பட்டது. இத்தகைய நூல்கள் அந்நாளில் ஏட்டுச்சுவடிகளிலே எழுதப்பட்டுக் கைமாறி வந்தன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கையிற் பிடித்துத் தெருவில் அசைப்பதற்கு இயலாதிருந்த ஓலை, எழுத்தைத் தாங்கி வீட்டுக்குள் இருந்தது. பவனிக்குரிய ஓலை தடுக்கப்பட்ட காலத்திற் பாடுகளின் ஓலை மக்களைக் காத்தது எனலாம்.

1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1806 இற் கத்தோலிக்கருக்கு எதிரான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் பவனி மீண்டும் தெருவுக்கு வந்தது. யோசேப்பு வாஸ் அடிகளாருக்கு 2015 தை 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியபோது, மறைவிற் செபித்த அம்மக்களின் நினைவும் அதனோடு பெருமை பெற்றது.

குருத்து காவோலையாதல்

திருநாளின் ஓலை அன்றோடு முடிந்துவிடுவதில்லை. மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி வீட்டுக்குக் கொண்டு சென்று, திருப்படத்தின் அருகில் வைப்பது வழக்கம். அங்கு அது மெல்லமெல்ல நிறம் மாறிக் காய்ந்து போகும். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில் அவ்வோலைகள் கோயிலுக்கு மீண்டு வந்து எரிக்கப்படுகின்றன. அச்சாம்பலே விபூதிப் புதனன்று மக்களின் நெற்றியிற் பூசப்படுகின்றது. மண்ணிலிருந்து வந்த மனிதன் மண்ணுக்கே மீள்வான் என்பதை அது நினைவூட்டும். சாம்பல் பூசும் வழக்கத்தை எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக்குமாறு 1091 இற் பெனெவெந்தோவில் நடந்த சங்கம் பணித்தது. முந்திய ஆண்டின் ஓலையிலிருந்தே அச்சாம்பலைப் பெறுதல் உரோமை வழிபாட்டின் நெடுங்கால மரபாகும். சைவர் திருநீற்றுக்கு வழங்கும் விபூதி என்னும் சொல்லையே தமிழ்க் கத்தோலிக்கர் இந்நாளுக்குப் பெயராக்கினர். நீறு நிலையாமையை உணர்த்துவது என்பதில் அயலவர் இருவரும் ஒருமித்தனர்.

பனையின் ஓலைக்குத் தீவக மக்களிடம் பருவத்துக்கொரு பெயரும் பெயருக்கொரு பயனும் உண்டு. குருத்தோலை தோரணமாகும். சார்வோலை பாயாகவும் கடகமாகவும் பெட்டியாகவும் இழைக்கப்படும். பச்சோலை மாட்டுக்கு உணவாகும். முற்றிக் காய்ந்த காவோலை வேலி அடைக்கவும் அடுப்பெரிக்கவும் தோட்டத்துக்கு உரமாகவும் உதவும். இரவில் ஆழங்குறைந்த கடலில் மீன்பிடிக்கும்போது சூளாக எரிவதும் காவோலையே. காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பது எல்லோரும் அறிந்த பழமொழி. இளமை முதுமையை எள்ளுகின்றது, தனக்கும் அந்நிலை வரும் என்பதை அறியாமல்.

குருத்தோலை ஞாயிற்றின் உட்பொருளை இப்பழமொழியைக் காட்டிலும் சுருக்கமாகக் கூறுவது அரிது. ஞாயிற்றுக்கிழமை ஓசன்னா என்று ஆர்ப்பரித்த நகரமே, வெள்ளிக்கிழமை அவரைச் சிலுவையில் அறையுமாறு கூச்சலிட்டது. ஆர்ப்பரித்தோரும் கூச்சலிட்டோரும் ஒருவரேயா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வழிபாடு இக்கேள்விக்குத் தன் வழியில் விடையளிக்கின்றது. பவனியில் ஓலை ஏந்தி வாழ்த்திய அதே மக்களே, சற்று நேரத்திற் பாடுகளின் வாசிப்பிற் கூட்டத்தின் குரலாகவும் ஒலிக்கின்றனர். பிறரைக் குற்றஞ்சாட்ட அங்கு இடமில்லை. கையில் உள்ள குருத்து காவோலையாகும் என்பதை அறிந்தவாறே அதனை ஏந்த வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

அண்மைக்கால அனுபவம்

தீவக மக்களுக்கு நிலையாமை நூலிற் படித்த செய்தியன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளின்போது வேலணை, ஊர்காவற்றுறை முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் சென்றோர் சிலர். கடல் கடந்து சென்றோர் பலர். ஊர்கள் வெறுமையாயின, கோயில்கள் மக்களின்றிக் கிடந்தன. வெட்டுவாரின்றிக் காவோலைகள் மரங்களிலே தொங்கின. 2006 ஆவணியில், சாட்டியை அடுத்த அல்லைப்பிட்டியில், புனித பிலிப்பு நேரியார் ஆலயத்திற் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணைத் தாக்குதலில் உயிரிழந்தனர். அதே மாதத்தில் அப்பங்கின் குருவானவரும் காணாமற்போனார். எங்களைக் காப்பாற்றும் என்ற வேண்டுதல் அத்தீவில் எத்தகைய பொருளைப் பெற்றிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2019 ஆம் ஆண்டில் குருத்தோலை ஞாயிறு சித்திரை 14 ஆம் திகதி, தமிழ்ப் புத்தாண்டு நாளிலேயே வந்தது. ஒரே காலையிற் புத்தாண்டு வாழ்த்தும் குருத்தோலைப் பவனியும் நிகழ்ந்தன. அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அன்று, 21 ஆம் திகதி, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழு நாள்களுக்கு முன்னர் ஓலை ஏந்திய கைகள் பல அவர்களுள் இருந்தன. அவ்வாண்டின் ஓலைகளே காய்ந்து, எரிக்கப்பட்டு, 2020 பெப்ரவரி 26 ஆம் திகதி விபூதிப் புதனன்று நாடெங்கும் நெற்றிகளிற் சாம்பலாகப் பூசப்பட்டன. அச்சாம்பலைப் பெற்றோர் அது எந்த ஆண்டின் ஓலை என்பதை எண்ணியிருப்பர். அதன்பின் வந்த குருத்தோலை ஞாயிறு 2020 ஏப்ரல் 5. அன்று பெருந்தொற்றின் காரணமாக நாட்டில் ஊரடங்கு நிலவியது. கோயில்களில் மக்கள் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக்குப் பின்னர் பவனியின்றிக் கழிந்த நாள்களுள் அதுவும் ஒன்றாயிற்று. மக்கள் தத்தம் வீட்டுக்குள்ளேயே செபித்தனர்.

புலம்பெயர்ந்த தீவக மக்கள் இன்று பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இத்திருநாளைக் கொண்டாடுகின்றனர். பாரிசில் அவர்கள் கையில் இருப்பது புயிக் கிளையாக இருக்கலாம். அதனைப் பாயாக இழைக்கவோ வேலியாக அடைக்கவோ இயலாது. ஆயினும் தமிழில் அவர்கள் அந்நாளைக் குருத்தோலை ஞாயிறு என்றே அழைக்கின்றனர். மரம் பின்தங்கிவிட்டது, பெயர் கூடவே கப்பலேறியது. சிந்தாத்திரை மாதாவின் பாதுகாவலில் பயணம் செய்த ஒரு சமூகத்துக்கு இது வியப்பானதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குருத்தோலை ஞாயிறு ஓலையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த மேனாட்டு விழா என்ற கருத்தும், சிறுவர்க்குரிய மகிழ்ச்சி நாள் என்ற கருத்தும் குறைபாடுடையன என்பது புலப்படும். எருசலேம் மக்கள் ஏந்திய ஓலை அடிமைப்பட்டோரின் வேண்டுதலாக இருந்தது. உரோமை அதனோடு பாடுகளை இணைத்தது. பனைநிலத்துத் தமிழர் தம் மொழியால் அதற்குப் பருவத்தைச் சுட்டும் பெயரைத் தந்து, குருத்துக்கும் காவோலைக்கும் நீற்றுக்கும் இடையிலுள்ள தொடர்பைத் தம் அன்றாட வாழ்விலிருந்தே விளங்கிக்கொண்டனர். ஆட்சிகளின் வரவையும் மறைவையும், பவனி தடுக்கப்பட்டதையும், ஊர் வெறுமையானதையும் கண்ட தீவகத்தில் அச்சின்னம் வரலாற்றுப் பொருளும் பெற்றது.

சாட்டியின் பனங்கூடலில் ஆண்டுதோறும் குருத்து விடுகின்றது. அதனை வெட்டிச் சிலுவையாகப் பின்னத் தெரிந்த கைகள் ஊரில் முன்னரைக் காட்டிலும் குறைவு. பின்னுவதோடு, அந்த ஓலை யாருக்காக ஏந்தப்படுகின்றது, எதனை வேண்டி ஏந்தப்படுகின்றது என்பதையும் மூத்தோர் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பராயின், திருநாளின் பொருள் காவோலையோடு உதிர்ந்துவிடாது. கழுதையில் வந்தவருக்கே குருத்தோலையைக் கொடுத்தனர் என்பதையும், அவரிடம் கேட்டது காப்பாற்றும் என்பதையும் ஒரு குழந்தை அறிந்துகொண்டால் போதும்.